ஒரு பெயருக்கு எவ்வளவு கல் வேண்டும்?

வைகை மேற்கு மலையிலிருந்து இறங்கி மதுரையை நோக்கி வரும் வழியில், தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டாரத்தில், புலிமான்கோம்பை என்று ஒரு சிற்றூர் உள்ளது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தனர். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த அந்தக் கற்கள் கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என எழுத்தமைதியைக் கொண்டு கணிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்காக நட்ட கல் இது என்று அறிஞர்கள் பொருள் கொள்கின்றனர். வில்லேந்திய உருவமோ, குதிரையோ, அலங்கார வளைவோ அதில் கிடையாது. ஆளுயரம்கூட இல்லாத ஒரு பலகைக் கல்லும் ஏழு சொற்களும்தான் மொத்த நினைவுச்சின்னம்.

போரில் இறந்தவர்களுக்கு நினைவிடம் கட்டித் தரும்படி இன்று ஒரு கட்டடக் கலைஞரிடம் கேட்டால், அவர் முதலில் திரட்ட வேண்டிய செய்திகளும் இந்த ஏழு சொற்களுக்குள் அடங்கிவிடும்: இறந்தவர் யார், எந்த ஊர், எங்கே இறந்தார், எதன் பொருட்டு இறந்தார். நினைவிடம் என்றதும் நம் கண்முன் எழுவது உயர்ந்த தூணும், அணையா விளக்கும், துப்பாக்கி பிடித்த வீரனின் சிலையும்தான். ஆனால் கடந்த நூறாண்டில் உலகெங்கும் கட்டப்பட்ட பெரிய போர் நினைவிடங்களை உற்றுப் பார்த்தால், அவற்றின் வடிவத்தைத் தீர்மானித்த சிக்கல் வேறு என்பது புரியும். இறந்தவரின் பெயரை எங்கே வெட்டுவது, எந்த வரிசையில் வெட்டுவது, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது, அதை நாடி வருகிறவர் எவ்வளவு அருகில் செல்ல முடியும் என்பவையே அந்தச் சிக்கல். தூணும் வளைவும் சுவரும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள்தாம்.

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. காட்சி என்பது தக்க கல்லைத் தேடிக் காண்பது, கால்கோள் என்பது அதை எடுக்கும் பணியைத் தொடங்குவது, நீர்ப்படை என்பது நீராட்டித் தூய்மை செய்வது, அடுத்தது நடுதல், அதன்பின் படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை, இறுதியில் வாழ்த்து. மதுரையை எரித்த கண்ணகிக்குச் சேரன் கல் எடுத்த கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில், காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகளின் பெயர்களே இந்த வரிசையில் அமைந்திருக்கின்றன. இதை ஒரு பணித்திட்டமாகப் படிக்கலாம். கல்லைத் தேர்வதும் கொண்டுவருவதும் நடுவதும் முடிந்த பிறகும் இரண்டு நிலைகள் மீதம் இருக்கின்றன. அவை இரண்டும் கல்லைச் சுற்றி மக்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றியவை. இன்றைய நினைவிட ஒப்பந்தங்கள் பலவும் நான்காவது நிலையிலேயே, அதாவது நட்டுத் திறந்துவைத்ததோடு முடிந்துவிடுகின்றன என்பதுதான் குறை.

முதல் உலகப் போர் வரை ஐரோப்பாவில் போர் நினைவுச்சின்னம் என்றால் பெரும்பாலும் மன்னருக்கும் தளபதிக்கும் எடுத்த சிலைகளும் வெற்றி வளைவுகளும்தான். சாதாரணச் சிப்பாய் பொதுக்குழியில் புதைக்கப்பட்டான். 1914-க்குப் பிறகு இறந்தவர்களின் எண்ணிக்கை இலட்சங்களில் ஏறியபோது அந்த வழக்கம் தாங்கவில்லை. ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917-இல் பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் அமைக்கப்பட்டது. எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர், ரெஜினால்ட் புளோம்ஃபீல்டு ஆகிய மூவரும் அதன் முதன்மைக் கட்டடக் கலைஞர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஃபிரெடெரிக் கென்யன் 1918-இல் அளித்த அறிக்கைதான் அவர்களுக்கு இலக்கணம். பிரபுவின் மகனாக இருந்தாலும் வண்டிக்காரரின் மகனாக இருந்தாலும் ஒரே அளவுக் கல்தான் என்று அது விதித்தது. சுமார் 81 சென்டிமீட்டர் உயரமும் 38 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கல்லில் படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், இறந்த நாள், வயது, சமயக் குறி ஆகியவை இருக்கும்; அடியில் குடும்பத்தார் விரும்பும் ஒரு வாசகத்துக்கு 66 எழுத்துகள் வரை இடம் விடப்பட்டது. பணமுள்ளவர்கள் தங்கள் மகனுக்குத் தனிச் சமாதி கட்டவோ, உடலை ஊருக்கு எடுத்துச் செல்லவோ அனுமதி இல்லை. பெற்றோர் பலர் இதை எதிர்த்தார்கள். விவாதம் நாடாளுமன்றம் வரை போயிற்று. ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த விதியின் விளைவைக் காணப் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டுள்ள போர்க் கல்லறை இருக்கிறது. வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் ஒரே உயரக் கற்கள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்க்கும்போது, தனித்தனிக் கல்லறைகளைப் பார்ப்பதாகத் தோன்றாது. அணிவகுத்து நிற்கும் ஒரு படையைப் பார்ப்பதாகவே தோன்றும். அருகில் சென்று குனிந்தால்தான் ஒவ்வொருவரும் தனி ஆளாகிறார். தொலைவில் கூட்டம், அருகில் ஒருவர் என்ற இந்த இரட்டைப் பார்வை, பின்னால் வந்த நல்ல நினைவிடங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் திரும்ப வருகிறது.

உடலே கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். பீரங்கிக் குண்டுகளில் சிதறியவர்களும் சேற்றில் புதைந்தவர்களும் கல்லறை உள்ளவர்களுக்கு நிகராகப் பெருகியிருந்தார்கள். இலண்டன் ஒயிட்ஹால் சாலையின் நடுவே லட்யன்ஸ் எழுப்பிய செனோட்டாஃப் 1919-இல் வெற்றி அணிவகுப்புக்காக மரமும் சாந்தும் கொண்டு தற்காலிகமாகக் கட்டப்பட்டது. மக்கள் அங்கே மலர்களைக் குவித்ததைக் கண்ட அரசு, 1920 நவம்பர் 11-இல் அதையே கல்லில் நிலையாக்கித் திறந்தது. அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளே வெற்றுக் கல்லறை என்பதுதான். அதில் சிலுவையோ வேறு சமயக் குறியோ இல்லை. நேராகத் தெரியும் அதன் பக்கங்கள் உண்மையில் நேரானவை அல்ல. அவற்றை மேல்நோக்கி நீட்டினால் சுமார் 300 மீட்டர் உயரத்தில் ஒன்றையொன்று சந்திக்கும்படி லட்யன்ஸ் மிக மெல்லச் சாய்த்திருக்கிறார். பார்ப்பவருக்கு அந்தச் சாய்வு தெரியாது, கல்லுக்கு ஏதோ உயிர் இருப்பதாக மட்டும் படும். உடல் கீழே இல்லாத கல்லுக்கு மரியாதை செய்வது ஐரோப்பியர்களுக்கு அன்று புதிதாக இருந்திருக்கலாம். நடுகல்லை அறிந்த நமக்கு அதில் வியப்பில்லை. அதற்கு அடியில் உடல் இருந்தே ஆக வேண்டும் என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

பிரான்சின் தியெப்வாலில் 1932-இல் திறக்கப்பட்ட லட்யன்ஸின் பெரிய நினைவிடம் இந்தக் கட்டுரையின் மையக் கருத்துக்கு நேரான சான்று. சொம் போர்க்களத்தில் உடல் கிடைக்காமல் போன 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அங்கே வெட்ட வேண்டியிருந்தது. ஒரே சுவராக எடுத்திருந்தால் அது ஊர் எல்லை போல நீண்டிருக்கும். லட்யன்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக வளைவுகளை அடுக்கி, அவற்றைத் தாங்கப் பதினாறு பெருந்தூண்களை நிறுத்தினார். தூண்களின் எல்லாப் பக்கங்களும் எழுத்துப் பரப்பாயின. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வெற்றி வளைவு. உள்ளே நுழைந்தால், பெயர்களை எழுதுவதற்காகவே இத்தனை சுவர்களும் பிறந்தன என்பது தெரியும்.

ஆனால் அந்தச் சமத்துவத்துக்கு நிறம் இருந்தது. இராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இறந்தவர்களில் குறைந்தது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லி நினைவுகூரும் உரிமை மறுக்கப்பட்டதை, அந்த ஆணையத்தின் வாரிசான பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. தமிழ்நாட்டின் சில ஊர்களில் பழைய கட்டடங்களின் சுவரில் பதித்த பளிங்குப் பலகைகளை இப்போதும் காணலாம்: 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அவற்றில் இருக்கும். ஓர் ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள், பெயர் எதற்கு என்று அன்று நினைத்திருக்கக்கூடும். மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்த எண் யாரைக் குறிக்கிறது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரிவதில்லை. எழுத்தறிவு பரவாத காலத்தில் ஆண்டிபட்டிப் பக்கத்தில் எவரோ தீயன் அந்தவன் என்று வெட்டிவைத்ததால் அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, இறந்த வீரனோடு சேர்த்துக் கோவிவன் என்ற அவன் நாயின் பெயரையும் பதிந்துவைத்திருக்கிறது. நாய்க்குக் கிடைத்த மரியாதை பாஸ்ராவில் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

பெயரை வெட்டினால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் முடிய வேண்டும். 42 மீட்டர் உயர டெல்லி இந்தியா கேட்டில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தரையில் நிற்பவர் படிக்க இயலாது. அதன் அருகிலேயே 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. உலகளாவிய போட்டியில் அதை வென்றெடுத்தது சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப் நிறுவனம். அதன் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். இந்தியா கேட்டின் காட்சியை மறைக்கக் கூடாது என்பதால் நினைவிடத்தை உயர்த்தாமல் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, சக்கரவியூகத்தை நினைவூட்டும் நான்கு வட்டங்களாக வகுத்தார்கள். நடுவில் சுடரும் தூணும், அடுத்து வீரச் செயல்களைக் காட்டும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்களும், அதை அடுத்துப் பெயர்ச் சுவர்களும், வெளிவட்டத்தில் காவல் நிற்பது போன்ற மர வரிசைகளும் இருக்கின்றன. பெயர்ச் சுவரில் ஒவ்வொருவருக்கும் செங்கல் போன்ற ஒரு தனிக் கிரானைட் துண்டு. திறப்பின்போது 25,942 பெயர்கள் அங்கே இருந்தன. துண்டுகளாகப் பிரித்ததில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு: பட்டியல் முடிந்துவிடவில்லை, புதிய பெயர் வந்தால் சுவரை இடிக்காமல் சேர்க்கலாம். கோயில் திருச்சுற்றுகளில் நடந்து பழகியவர்களுக்கு, வட்டத்துக்குள் வட்டமாகச் சென்று கருவறையை நெருங்கும் இந்த அமைப்பு எளிதில் விளங்கும்.

நிலத்துக்குள் இறங்கும் இந்தச் சிந்தனைக்கு மிகப் புகழ்பெற்ற முன்னோடி வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவிடம். 1981-இல் நடந்த போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களிலிருந்து, மாயா லின் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவியின் வடிவம் தேர்வாயிற்று. இறந்தவர், காணாமல் போனவர் எல்லாருடைய பெயரும் இருக்க வேண்டும், போரைப் பற்றி அரசியல் கருத்து எதுவும் இருக்கக் கூடாது என்பவை போட்டியின் நிபந்தனைகளில் முக்கியமானவை. ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளமுள்ள இரண்டு கருங்கல் சுவர்கள் ஒரு கோணத்தில் சந்திக்கும். இரு முனைகளிலும் தரையோடு தரையாகத் தொடங்கும் சுவர், நடுவில் மூன்று மீட்டர் உயரத்தை எட்டும்படி நிலம் உள்ளே சரிகிறது. நடந்து செல்லச் செல்லப் பெயர்கள் கணுக்காலில் தொடங்கி, இடுப்பளவு ஏறி, தலைக்கு மேலே போய்விடுகின்றன. பெயர்கள் இறந்த நாள் வரிசையில் உள்ளன. முதலில் இறந்தவரும் கடைசியாக இறந்தவரும் நடுக்கோணத்தில் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் வந்து முட்டுகிறார்கள். இது அவமானத்தின் வடு என்று பழித்தவர்கள் உண்டு. அவர்களைச் சமாதானப்படுத்த 1984-இல் மூன்று வீரர்களின் சிலை சற்றுத் தள்ளி வைக்கப்பட்டது. இன்று அங்கே வருபவர்கள் நாடிச் செல்வது சுவரைத்தான். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுக்கிறார்கள். கடிதங்களையும் காலணிகளையும் அடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவரின் கல் பெங்களூருவிலிருந்து போனது.

தென்னிந்தியக் கல்லைக் கொண்டு கட்டிய அந்த வடிவத்தை அப்படியே எடுத்து மதுரையில் நட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. மெருகேற்றிய கருங்கல் பார்ப்பவரின் முகத்தைப் பெயர்களுக்கு நடுவே பிரதிபலிக்கும். அதுதான் மாயா லின்னின் நோக்கம். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில், நண்பகலுக்கு மேல் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது. இறந்தவர்களின் இடத்துக்குள் செருப்போடு நுழைய மனம் ஒப்பாத நம் மக்கள், அதைக் கழற்றிவிட்டு வந்தால் தரையிலும் கால் வைக்க முடியாது. வெயிலில் காய்ந்த கற்றரையில் சாக்கு விரித்தும் வெள்ளைச் சாயக் கோடு போட்டும் நடைபாதை அமைக்கும் கோயில்காரர்களின் பட்டறிவு, நினைவிடத்தை வரைபவருக்கும் வேண்டும். நிழல் இங்கே அலங்காரம் அன்று, அடிப்படை வசதி.

சுவரை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதும் பாடநூலில் உள்ளபடி தீராது. வடக்கு நோக்கிய சுவரில் வெயில் படாது என்ற விதி வட இந்தியாவுக்குப் பெருமளவு பொருந்தும். ஏறத்தாழ 10 பாகை அட்சரேகையில் இருக்கும் மதுரையில், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே கோடையின் நல்ல உச்சத்தில் வடக்குச் சுவரே வெயில் வாங்கும். கிழக்கு நோக்கிய சுவர் பொருத்தமானது என்பது என் கருத்து. காலையில் நேர் வெயில் படும்; உச்சிப்பொழுது நெருங்கும்போது ஒளி மேலிருந்து கல்லை உரசிக்கொண்டு இறங்குவதால், வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து பெயர் துலங்கும்; மதியத்துக்குப் பின் சுவர் தன் நிழலைத் தன் முன்னாலேயே விரித்து, நிற்பவருக்கு இடம் தரும். மேலூர் வட்டாரத்துக் குவாரிகளிலிருந்து உலகெங்கும் போன வெளிர்நிறக் கற்கள் கருங்கல்லைவிடக் குறைவாகச் சூடேறும். (அந்தக் கல்லுக்காக மறைந்த மலைகளுக்கும் யாராவது ஒரு நினைவுச்சின்னம் எடுக்கலாம் என்பது வேறு கதை.) ஆனால் வெளிர்க்கல்லில் எழுத்தை ஆழமாக வெட்ட வேண்டும். வியட்நாம் சுவரின் எழுத்துகள் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாதவை. மெருகேறிய கறுப்பின் மேல் மணல் பீய்ச்சிய இடம் தானாகவே சாம்பல் நிறம் கொள்வதால் அவை தெரிகின்றன. வெளிர்க்கல்லில் அந்த வேறுபாடு கிடைக்காது. ஆழம் போதாத குறையைச் சாயம் பூசிச் சமாளித்தால், சில ஆண்டுகளில் சாயம் உதிர்ந்து பாதிப் பெயர்கள் மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட கல்வெட்டுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டுவது தனிக் கலை. தமிழ்-பிராமி பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனது, உளிக்கு இணக்கமானது. பின்னால் பாண்டிய நாட்டில் நீண்ட காலம் வழங்கிய வட்டெழுத்தும், இன்றைய தமிழ் எழுத்தும் சுழிகள் நிறைந்தவை. ண, ஞ, னை போன்றவற்றைச் சிறிய அளவில் வெட்டினால் சுழிக்கு நடுவே நிற்கும் சிறு கல் முனை சிதறிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியைப் பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. இன்று ஒருவருடைய பெயரில் புள்ளியை விட முடியாது. எனவே ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாது, அதற்கேற்பச் சுவரும் நீளும்.

இதைவிடப் பெரிய தொல்லை பட்டியலில் இருக்கிறது. இராணுவப் பதிவேடுகள் ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றில் ல, ள, ழ ஆகியவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ந, ன, ண மூன்றும் ஒரே எழுத்தாகும். குறிலும் நெடிலும் வேறுபடா. அதைப் பார்த்து அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழாக்கினால், பெற்ற தாய் வைத்த பெயர் கல்லில் வேறொருவர் பெயராகிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, பெயரை எப்படி எழுதுவார்கள், முதலெழுத்து எது, ஊர் எது என்று எழுதி வாங்கி, வெட்டுவதற்கு முன் மாதிரித் தாளில் அவர்களிடமே காட்டிச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொல்காப்பியம் கல்லைத் தேடுவதைத்தான் காட்சி என்றது. இன்றைக்குப் பெயரைத் தேடுவதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

வரிசையைத் தேர்வது நடுநிலையான செயல் என்று தோன்றும், ஆனால் அதில்தான் கருத்து ஒளிந்திருக்கிறது. பதவி வரிசையில் எழுதினால் படையின் ஏற்றத்தாழ்வு மரணத்துக்குப் பிறகும் தொடரும். நாள் வரிசையில் எழுதினால் ஒன்றாக இறந்தவர்கள் ஒன்றாக நிற்பார்கள், ஆனால் நாள் தெரியாதவர் தம் உறவினரைத் தேடிக் களைப்பார். பிரான்சின் நோத்ருதாம் தெ லொரெத் குன்றில் ஃபிலிப் புரோஸ்ட் வடிவமைத்து 2014-இல் திறந்த நினைவு வளையத்தில் 579,606 பெயர்கள், நாடும் பதவியும் குறிக்காமல், எதிரெதிர் அணியில் நின்று போரிட்டவர்களையும் கலந்து, அகரவரிசையில் எழுதப்பட்டுள்ளன. நம் பக்கம் ஊர்வாரியாக எழுதவேண்டும் என்றே பலரும் கேட்பார்கள், தீயன் அந்தவனின் கல்லிலும் ஊர் வந்துவிட்டது. ஆனால் சுடுகாடுகூடச் சாதிக்கொன்றாகப் பிரிந்திருக்கும் ஊர்கள் மிஞ்சியுள்ள நிலத்தில், ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் பெயருக்குப் பின்னே வரும் ஒட்டும் எதைச் சொல்லிவிடும் என்பதை வடிவமைப்பவர் அறிந்திருக்க வேண்டும். சாதி ஒட்டு இல்லாத, பதவி இல்லாத அகரவரிசை ஒன்றே மாவட்ட அளவிலான நினைவிடத்துக்குத் தக்கது. ஊரைப் பெயருக்கு அடுத்துச் சிறிதாகக் குறித்தால் போதும். ஓர் ஊருக்குள் மட்டும் எடுக்கும் கல்லுக்கு இந்தக் கவலை குறைவு. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்று 1920 ஏப்ரல் 3-இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான 16 பேருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. மாயாக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். அது படைகள் மோதிய போர் அன்று என்றாலும், இறந்தவர்கள் வாழ்ந்த மண்ணிலேயே நிற்பதால் அதற்கு விளக்கப் பலகை தேவைப்படுவதில்லை.

இடம் தவறினால் எல்லாம் தவறும். மதுரையின் விளக்குத்தூணைக் கேட்டால் ஆட்டோக்காரர் எவரும் கொண்டுபோய் விடுவார். அது பிளாக்பர்ன் என்ற ஆட்சியரின் நினைவாக எழுந்தது என்பது பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிவாக்கியவர் அவர். தூண் நிலைத்தது, பெயர் கரைந்தது. போக்குவரத்து வட்டத்தின் நடுவே எழுப்பும் போர் நினைவுத் தூண்களுக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது. நடுகற்களைப் பாதைகளின் ஓரத்தில் பெயரும் பீடும் எழுதி நட்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஆனால் அவை கால்நடையாகப் போகிறவர் நின்று படிக்கும் பாதைகள். நான்கு பக்கமும் பேருந்து சுற்றும் மேடைக்கு வீரனின் தாய் எப்படிப் போவாள்? ஒயிட்ஹால் செனோட்டாஃபும் சாலை நடுவில்தானே நிற்கிறது என்று கேட்கலாம். அங்கே நினைவு நாளில் சாலையையே மூடிவிடுகிறார்கள். திறப்புவிழாக் கல்வெட்டைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் பெயர்கள், இறந்தவர்களின் பெயர்களைவிடப் பெரிய எழுத்தில், கண் மட்டத்தில் இருக்கும் நினைவிடங்களை இந்தப் பக்கத்தில் எத்தனையோ காணலாம். அந்தக் கல்லைத் தரையில் பதிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்தவர்களின் வழிவந்தவர்கள் நினைவிடத்தில் சும்மா நிற்க மாட்டார்கள். போரில் இறந்தவனைப் 'பட்டான்' என்றே பழைய கல்வெட்டுகள் குறிக்கின்றன. அந்தச் சொல்லின் வழியே பட்டவன் சாமிகள் இன்றும் இப்பகுதிகளில் பொங்கல் வாங்குகின்றன. எனவே மாலையும் வரும், சந்தனமும் குங்குமமும் வரும், எண்ணெய் விளக்கும் வரும். தடுப்புக் கம்பியும் 'தொடாதீர்' பலகையும் வைத்து இதை நிறுத்த நினைப்பது வீண். பெயர்ச் சுவரின் அடியில் ஒரு முழ அகலத்துக்குத் திண்ணை விட்டு, மாலை தொங்க முளைகள் வைத்து, விளக்குக்கு மாடம் குடைந்து, எண்ணெய் வடியச் சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் எழுத்தும் தப்பும், வருகிறவர்களின் மனமும் தப்பும். பெரும்படைக்கும் வாழ்த்துக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குவது என்பது இதுதான்.

இனித் தலைப்பில் உள்ள கேள்விக்குக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு மாவட்டத்துக்கு முந்நூறு பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து இரண்டரை சென்டிமீட்டர் உயரம், வரிக்கு வரி ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. பெயரும் ஊரும் ஆண்டும் ஒரே வரியில் அமைய ஒவ்வொரு பத்திக்கும் 75 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கீழ் வரி தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும்படி தொடங்கட்டும். மேல் வரி 150 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பத்திக்குப் பதினைந்து வரிகளாக இருபது பத்திகள். சுவரின் நீளம் 15 மீட்டர், நகரப் பேருந்து ஒன்றைவிடச் சற்று அதிகம். தூணுக்கும் வளைவுக்கும் ஆகும் செலவில் இது சிறு பகுதி. மேல் வரியை 150-க்கு மேல் ஏற்றக் கூடாது என்பதற்குக் காரணம், உயரம் குறைந்த வயதான பெண் ஒருத்தி எக்காமல் நின்று, மகனின் பெயரை விரலால் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அந்த உயரம்தான் சரியாக இருக்கும்.